வெளிச்சம் போகிற வழியால் புழுதி

சாய்ந்தமருதில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுக்கு வீதியொன்றில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜ். செயின் இறுக்கிக்கொள்ளப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒலுவில் கெம்பஸில் படிக்கும் ஒரு தம்பி, 150 சிசி பைக்கோடு. கையில் ஒரு பெட்டி. கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான் கொடுத்த எயார் ஃபில்டர் அது: சிவப்பு எண்ணெய் பூசிய பருத்தித் துணியின் மடிப்புகள், இருபுறமும் மெல்லிய கம்பிவலை, ஓரம் முழுக்க ரப்பர். கழுவிக் கழுவிப் பாவிக்கலாம், எஞ்சினின் வலு கூடும் என்று பெட்டி சொன்னது. கராஜ்காரர் பெட்டியைப் படிக்கவில்லை. ஃபில்டரை எடுத்து நேரே வெயிலுக்கு உயர்த்திப் பிடித்தார்.

“தம்பி, இஞ்ச பாருங்க. புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரியுது. வெளிச்சம் போற வழியால புழுதி போகாதா?”

“போகாது காக்கா. அதுக்குத்தான் எண்ணெய். அழுக்கானாக் கழுவி, மறுகா எண்ணெய் போட்டாப் புதுசு மாதிரி. பிக்கப்பும் கூடுமாம்.”

“பிக்கப்பு இருக்கட்டும். பெரும்போக வெட்டு நேரத்துல வட்டைக்குள்ள இதப் போட்டு ஓடுவீங்களா?”

தம்பிக்குப் பதில் வரவில்லை. எனக்கும் அப்போது வரவில்லை. வீட்டுக்கு வந்து காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தபோதுதான், கராஜ்காரர் கேட்ட இரண்டு கேள்விகளில் முதலாவது தவறானது, இரண்டாவது மிகச் சரியானது என்று விளங்கியது.

முதலில் காற்றின் கணக்கு. ஒரு கிலோ பெற்றோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலின் எடை சுமார் 740 கிராம். அதற்கு வேண்டிய காற்று 11 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நம்மூரின் 30 பாகை வெப்பத்தில் அந்தக் காற்று 9,000 லீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாள் முழுக்க உள்ளிழுப்பது ஏறக்குறைய 11,000 லீற்றர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பைக்கின் தாங்கியில் ஊற்றும் ஒவ்வொரு லீற்றரும் ஒரு ஆளின் ஒரு நாள் மூச்சைக் கேட்கிறது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் தந்தார்கள். அந்த 4 லீற்றரோடு 37,000 லீற்றர் காற்றையும் வாரா வாரம் வாங்கினோம். அதற்கு மட்டும் வரிசை இருக்கவில்லை.

மனிதனுக்கு மூக்கில் மயிர் இருக்கிறது, உள்ளே ஈரமும் சளியும் இருக்கின்றன. எஞ்சினுக்கு இருப்பது சீற்றுக்கு அடியிலோ தாங்கிக்குக் கீழோ ஒரு கறுப்புப் பெட்டியும் அதற்குள் ஒரு ஃபில்டரும்தான். அதைத் தாண்டி உள்ளே போகும் புழுதிக்குத் தும்மல் கிடையாது.

என்ன புழுதி என்பதில்தான் நமது கரை மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஊர்கள் எல்லாம் ஒடுங்கிய பட்டி போலக் கடலோரமாகக் கிடக்கின்றன. கிழக்கே மணல். மேற்கே, வீடுகள் முடிந்த இடத்திலிருந்து வட்டை எனப்படும் வயல்வெளி; காரைதீவுச் சந்தியில் திரும்பி மாவடிப்பள்ளி, சம்மாந்துறை என்று அம்பாறை வீதியில் போனால் இரு பக்கமும் கண்ணுக்கு எட்டும்வரை வயல். ஒரே நாளில் காலையில் கடல் மணலையும் மத்தியானம் வயல் புழுதியையும் சுவாசிக்கிற பைக்குகள் இங்கே ஏராளம்.

1812இல் ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் ஒரு வரிசை போட்டார். எது எதைக் கீறும் என்பதுதான் கணக்கு. நகத்தால் கீறக்கூடிய டால்க் 1, எல்லாவற்றையும் கீறும் வைரம் 10. கடற்கரை வெண்மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் 7இல் நிற்கிறது. திருக்கோவில் பக்கம் அலை ஒதுக்கும் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட் 5க்கும் 6க்கும் இடையில். சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பு குவார்ட்ஸுக்குக் கீழே. பிஸ்டனின் அலுமினியம் அதற்கும் வெகு கீழே. மணல் இரும்பைக் கீறும், இரும்பு மணலைக் கீறாது.

வயல் புழுதி மண் மட்டும் என்று நினைப்பவர்கள் அறுவடைக் காலத்தில் கழுத்தைச் சொறிந்தது கிடையாது. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் தோலில் கண்ணாடி போலப் படிய வைக்கிற பயிர். உமியை எரித்தால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. ஆகவே மாசி, பங்குனியில் அறுவடை மெசின் ஓடும்போது எழும் மஞ்சள் மூட்டம், வீதியோரம் நெல் காயப்போட்டு அள்ளும்போது பறக்கும் தும்பு, அரிசி ஆலையின் உமிச் சாம்பல் எல்லாமே எஞ்சினின் கண்ணில் ஒரு வகை மணல்தான். சிறுபோகத்தில் இன்னொரு தொல்லை சேரும். மேற்கே மலைநாட்டில் ஈரத்தை எல்லாம் இறக்கிவிட்டு வெறும் அனலாக இறங்கி வருகிற கச்சான் காற்று, காய்ந்த வரம்பையும் கிறவல் வீதியையும் கிளப்பிக்கொண்டு கடலை நோக்கி ஓடும்.

உப்பின் குணம் வேறு. மோஸ் வரிசையில் அது 2.5ஐத் தாண்டாத மெத்தென்ற பொருள், எஞ்சினில் எதையும் கீறாது. ஆனால் காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே நீரை இழுத்துக் கரைந்து துளியாகிவிடும். நம் கரையில் அநேகமான இரவுகளில் அது நடக்கிறது. சமையலறைப் போத்தலில் உப்பு கசிவதைப் பார்க்கிற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஃபில்டரில் பிடிபட்ட உப்பு இரவில் உவர்த்துளியாகிக் காகிதத்தை ஊறவைக்கும், கம்பிவலையை அரிக்கும்.

இனி, வெளிச்சப் புள்ளிகளுக்கு வருவோம்.

மருதமுனைத் தறியில் நெய்த சாரனை வெயிலில் பிடித்தால் பாவும் ஊடையும் நெருங்கி நிற்பது தெரியும். தம்பியின் ஃபில்டரில் இருந்த துணி அப்படியில்லை. காயத்துக்குக் கட்டும் துணி போல ஐதான நெசவு. இழைக்கும் இழைக்கும் இடையே அரை மில்லிமீற்றர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதத் தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்து அதில் எழுபது. எஞ்சினுக்கு மிகக் கெடுதலான தூசு அதைவிடச் சின்னது: 5 முதல் 20 மைக்ரோமீற்றர். பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே சில மைக்ரோமீற்றரே தடிப்பான ஒயில் படலம் இருக்கிறது. அந்தப் படலத்துக்குள் நுழையும் அளவு சின்னதாகவும், இரு பக்கத்தையும் ஒருசேரத் தொடும் அளவு பெரிதாகவும் இருக்கிற துகள்தான் கீறும். அதிலும் சின்னது ஒயிலோடு மிதந்து போய்விடும். சரி, 10 மைக்ரோமீற்றர் தூசுக்கு 500 மைக்ரோமீற்றர் வாசல். ஐம்பது மடங்கு அகலம். கராஜ்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்?

அவர் மனதில் இருந்தது இடியப்ப மா அரிக்கிற அரிதட்டு. ஓட்டையைவிடப் பெரியது தங்கும், சின்னது விழும். ஆனால் காற்று ஃபில்டர்கள் அநேகமாக அரிதட்டுப் போல வேலை செய்வதில்லை. காகித ஃபில்டரிலும் இழைகளுக்கு நடுவே இருக்கும் துளைகள் அது பிடிக்கிற தூசுகளில் பலவற்றைவிடப் பெரியவை. தூசு பிடிபடுவது ஓட்டையில் அல்ல, இழையில்.

காற்று ஒரு இழையை நெருங்கும்போது இரண்டாகப் பிரிந்து இழையைச் சுற்றி வளைந்து போகும். எடையுள்ள தூசுக்கு அப்படிச் சடாரென்று வளைய முடியாது. காரைதீவுச் சந்தியில் வேகம் குறைக்காமல் அம்பாறைப் பக்கம் திரும்பப் பார்க்கிற பைக் எங்கே போய் நிற்குமோ, அங்கேதான் அதுவும் போய் நிற்கும்: நேரே இழையில் மோதும். கொஞ்சம் இலேசான துகள் காற்றோடு வளைந்துவிடும். ஆனால் அதற்கும் உடம்பு என்று ஒன்று இருப்பதால், இழையை ஒட்டிப் போகையில் ஓரம் உரசி ஒட்டிக்கொள்ளும். மிக நுண்ணிய துகள்களின் கதை வேறு. காற்று மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடிப்பதால் அவை தள்ளாடித் தள்ளாடிப் போகின்றன. இந்தத் தள்ளாட்டத்துக்கு 1905இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஐன்ஸ்டைன். தள்ளாடுகிறவன் வீதியோர மதிலில் எப்படியும் ஒரு தடவை இடிப்பான் அல்லவா? ஆகவே பெரியதும் பிடிபடும், மிகச் சின்னதும் பிடிபடும். இரண்டுக்கும் நடுவே, சுமார் 0.3 மைக்ரோமீற்றரில் இருப்பதுதான் பிடிப்பதற்கு மிகக் கடினம். கொரோனாக் காலத்தில் என்95 முகக்கவசத்தை இந்த அளவுத் துகள்களைக் கொண்டே சோதித்தார்கள் என்பது சிலருக்கு நினைவிருக்கும். நல்லவேளையாக, அந்த அளவுத் துகள் எஞ்சினுக்குப் பெரிய பகையில்லை.

பருத்தி ஃபில்டரில் ஒரு அடுக்கு அல்ல, பல அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. போதாததற்கு ஒவ்வொரு நூலிலிருந்தும் பஞ்சின் மெல்லிய மயிர்கள் இடைவெளிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வெளிச்சம் நேர்கோட்டில் போகிறது. அதற்கு ஒரே ஒரு நேரான வழி கிடைத்தாலும் போதும். காற்று அந்தக் காட்டுக்குள் திரும்பத் திரும்ப வளைந்துதான் வெளியே வரவேண்டும், ஒவ்வொரு வளைவிலும் தூசை இழந்துகொண்டு. அதனால்தான் கராஜ்காரரின் முதற் கேள்வி தவறு என்றேன். (காகித ஃபில்டருக்கு அந்தச் சோதனை சரிதான். உள்ளே டோர்ச் அடித்து ஒரு புள்ளி வெளிச்சம் கூர்மையாகத் தெரிந்தால், காகிதம் கிழிந்திருக்கிறது, தூக்கி எறியுங்கள்.)

எண்ணெய் எதற்கு? வேகமாக வந்து காய்ந்த இழையில் மோதும் மணல் துகள் தெறித்துவிடும். தெறித்தது மறுபடி காற்றில் ஏறி உள்ளே போகும். இழையில் பிசுபிசுப்பு இருந்தால் மோதியது மோதிய இடத்திலேயே நிற்கும். அதோடு முடிவதில்லை. பிடிபட்ட துகளின் மேலும் எண்ணெய் மெல்ல ஊர்ந்து ஏறும். அதுவும் ஒரு இழை போலாகி அடுத்த துகளைப் பிடிக்கும். எண்ணெய் இல்லாத பருத்தி ஃபில்டர் வெறும் ஐதான துணி. கராஜ்காரர் அன்று சொன்ன கதை ஒன்று: ஒருவர் ஃபில்டர் எண்ணெய் கிடைக்காமல் தேங்காய் எண்ணெய் தடவி ஓடினாராம். தேங்காய் எண்ணெயில் அந்தப் பிசுபிசுப்பு இல்லை, நம் வெப்பத்தில் அது தண்ணீர் போல. இரண்டு நாளில் மேல்மடிப்புகள் காய்ந்து, எண்ணெய் எல்லாம் பெட்டியின் அடியில் குளமாக நின்றதாம். எஞ்சின் ஒயிலுக்கும் இதே குணம்தான். ஃபில்டருக்கென்று விற்கும் எண்ணெயில் ஒட்டும் பொருள் கலந்திருக்கிறது. அதற்குத்தான் அந்த விலை.

இந்த எண்ணெய்ப் பருத்தி ஃபில்டரைப் பேர்பெறச் செய்தவர்கள் கலிஃபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருந்த கென் ஜோன்சன், நோர்ம் மெக்டொனால்ட் என்ற இருவர். அவர்களின் முதலெழுத்துகள்தான் கே அண்ட் என். 1960களில் பாலைவன மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களுக்காக அவர்கள் செய்தது அது. பாலைவனப் பந்தயத்தில் ஜெயித்த ஃபில்டர் நம் கிறவல் வீதிக்குப் போதாதா என்று கேட்கத் தோன்றும். பந்தயக்காரர் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஃபில்டரைக் கழுவுவார், அடிக்கடி எஞ்சினைப் பிரித்து வளையம் மாற்றுவார். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 வரை புது பைக் அரிதாகவே வந்த நாட்டில், பத்து வருடம் பழகிய பைக்கை இன்னும் பத்து வருடம் ஓட்ட நினைக்கிறவரின் தேவை அதுவல்ல.

இப்போது கராஜ்காரரின் இரண்டாவது கேள்வி. வட்டைக்குள் ஓடலாமா?

ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது. அளவிட்ட தூசை அளவிட்ட காற்றில் கலந்து ஃபில்டருக்குள் அனுப்பி, எத்தனை வீதம் நின்றது, எத்தனை வீதம் தாண்டியது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். அந்தத் தூசும் தரப்படுத்தப்பட்டது. ஒரு காலத்தில் அரிசோனாப் பாலைவனத் தூசு என்றே பெயர். இந்தச் சோதனையில் ஒரு ஃபில்டர் 99 வீதம், இன்னொன்று 97 வீதம் என்று வந்தால் கடைக்காரர் என்ன சொல்வார்? “ரெண்டு வீதந்தானே வித்தியாசம்.” எஞ்சினுக்கு ஃபில்டரில் நின்ற தூசைப் பற்றிக் கவலையில்லை. தாண்டி வந்ததுதான் அதற்குத் தெரியும். முதலாவதைத் தாண்டியது நூற்றில் 1. இரண்டாவதைத் தாண்டியது நூற்றில் 3. மூன்று மடங்கு. பரீட்சையில் 97 எடுத்த பிள்ளையும் 99 எடுத்த பிள்ளையும் ஒன்றுதான், ஃபில்டரில் அப்படியில்லை.

கணக்கைக் கொஞ்சம் நீட்டலாம். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் பைக் 1,000 கிலோமீற்றருக்கு 25 லீற்றர் குடிக்கும். காற்று சுமார் 235 கன மீற்றர். நெல் ஏற்றிய உழவு மெசினுக்குப் பின்னால் ஓடும்போது ஒரு கன மீற்றர் காற்றில் 10 மில்லிகிராம் தூசு இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். அந்த 1,000 கிலோமீற்றரும் அப்படியே ஓடினால் ஃபில்டர் வாசலுக்கு வருவது இரண்டேகால் கிராமுக்குச் சற்று மேல், ஒரு சிட்டிகை. 99 வீத ஃபில்டர் அதில் 23 மில்லிகிராமை உள்ளே விடும். 97 வீத ஃபில்டர் 70 மில்லிகிராமை விடும். கல்முனையிலிருந்து ஒலுவிலுக்குத் தார் வீதியில் போய்வரும் பைக்குக்கு வாசலில் வரும் தூசே மிகக் குறைவு. மும்மடங்கு என்றாலும் அற்பம். நாளும் பொழுதும் வட்டைக்குள் போகிற பைக்குக்கு அந்த மும்மடங்குதான் வளையத்தின் ஆயுள்.

நல்ல காகிதம் இந்தச் சோதனையில் பொதுவாகப் பருத்தியை முந்துகிறது. பருத்தி முந்துவது காற்றை எளிதாக விடுவதில். இரண்டையும் ஒரே துணியில் முழுதாகப் பெற முடியாது. இழையை நெருக்கினால் தூசு நிற்கும், காற்றும் திணறும். 1856இல் பிரான்சின் டிஜோன் நகரத்துக் குடிநீர்த் திட்டத்தை எழுதிய ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாய்களில் நீர் விட்டு இந்தத் திணறலுக்கு விதி கண்டார். காற்று ஃபில்டருக்கும் அந்த விதி பெருமளவு பொருந்தும்: ஒரே துணியில் பரப்பை இரட்டித்தால் தடை பாதியாகும். ஃபில்டரை மடிப்பு மடிப்பாகச் செய்வது அதனால்தான். ஃபில்டரைத் தெரிவு செய்யும்போது மடிப்புகள் ஆழமாகவும் சீராகவும் இருக்கின்றனவா என்று பார்ப்பது பெட்டியில் உள்ள குதிரைவலுவைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

குதிரைவலு என்றதும் தம்பியின் பிக்கப் ஞாபகம் வருகிறது. இளநீரில் ஸ்ட்ரோ போட்டு 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு உறிஞ்சுங்கள். ஒரு சின்ன பைக்கின் ஃபில்டர் காற்றுக்குத் தரும் தடையை அந்த அளவு என்று கொள்வோம். வளிமண்டலத்தின் முழு அழுத்தம் நீரை ஏறக்குறைய 10 மீற்றர் உயர்த்தும். 10 மீற்றரில் 10 சென்ரிமீற்றர், நூற்றில் ஒன்று. அப்படியானால் ஃபில்டரையே கழற்றி வீசினாலும் சிலிண்டருக்குள் கூடப் போகும் காற்று ஒரு வீதம்தான். 14 குதிரைவலு பைக்கில் அது 0.14 குதிரை, குதிரை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு குளம்பு. அதுவும் எக்சிலேற்றரை முழுக்கத் திருகி எஞ்சின் கத்தும்போது மட்டும். கல்முனை பஸார் நெரிசலில் 30, 40இல் போகும்போது எக்சிலேற்றர் காற்றுக் கதவை முக்கால்வாசி மூடிவைத்திருக்கிறது. கதவுக்கு அப்பால் அழுத்தம் வெளியில் உள்ளதின் பாதியளவுக்கு இறங்கியிருக்கும். நாமே கதவைச் சாத்திவிட்டு, கேற்றை அகலமாக்குவதில் என்ன இருக்கிறது?

“ஆனா வித்தியாசம் தெரியுதே” என்பார்கள். தெரிவது சத்தம். தடை குறைந்த ஃபில்டர் எஞ்சின் மூச்சிழுக்கும் உறுமலைக் கூடுதலாக வெளியே விடும், காது அதை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு, அது நியாயமானது: பழைய ஃபில்டர் அடைத்துக் கிடந்திருக்கும். அடைத்ததைக் கழற்றி எந்தப் புது ஃபில்டரைப் போட்டாலும் பைக் துள்ளத்தான் செய்யும்.

2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனபோது, ஃபில்டரை மாற்றினால் பெற்றோல் மிச்சம் என்று ஊரெல்லாம் பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009இல் இதைக் கார்களில் சோதித்திருக்கிறது. கணினி பெற்றோல் அளக்கும் புதிய கார்களில் அடைத்த ஃபில்டரை மாற்றியும் பெற்றோல் செலவில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. வலு மட்டும் திரும்பியது. காபரேற்றர் உள்ள பழைய வண்டியில் மாற்றியதால் 2 முதல் 6 வீதம் மிச்சமானது. காரணம், ஃபில்டர் அடைக்கும்போது பல காபரேற்றர்கள் தங்களை அறியாமலே பெற்றோலைக் கூடுதலாக உறிஞ்சுகின்றன. நம்மூரில் காபரேற்றர் பைக்குகள் இன்னும் நிறைய ஓடுவதால் அந்தப் பேச்சில் பாதி உண்மை இருந்தது. ஆனால் மிச்சம் தந்தது அடைப்பு நீங்கியது, பருத்தி அல்ல.

ஃபில்டர் இருக்கும் கறுப்புப் பெட்டியையே கழற்றிவிட்டு, காபரேற்றரின் வாயில் கூம்பு ஃபில்டரைச் செருகி ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. அந்தக் கறுப்புப் பெட்டி வெறும் மூடியல்ல. போத்தல் வாயில் ஊதினால் ஒரு சுருதி எழுவது போல, அதன் கொள்ளளவும் குழாயின் நீளமும் குறிப்பிட்ட வேகங்களில் எஞ்சினுக்குக் காற்றை ஊட்ட அளந்து செய்யப்பட்டவை. அதை எடுத்தால் நடுவேகத்தில் இழுவை குறையும். கூம்பு உறிஞ்சுவது எஞ்சின் தலையின் சூட்டுக் காற்றை. காற்று 10 பாகை சூடானால் அதன் அடர்த்தி 3 வீதம் குறையும், கிடைத்த ஒரு வீதத்தைத் திருப்பிக் கொடுத்து இன்னும் இரண்டு வீதம் கடனாகும். மாரியில் வீதியை வெள்ளம் மூடும்போது அந்தக் கூம்பு முழங்கால் உயரத்தில் தண்ணீருக்குக் காத்திருக்கும்.

அப்படியானால் கழுவிப் பாவிக்கும் ஃபில்டரில் நியாயமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அந்த நியாயம் வலுவில் இல்லை, கிடைப்பனவில் இருக்கிறது. இறக்குமதி இறுகிய நாட்களில் உரிய காகித ஃபில்டர் கிடைக்காமல், பழையதை ரயர் கடையில் காற்றடித்து அடித்துப் போட்டார்கள். அழுத்தக் காற்று காகிதத்தின் இழைகளைப் பிய்க்கும். எண்ணெய் ஊறிய வகைக் காகிதத்துக்குக் காற்றடிப்பதே கூடாது. அப்படிப் பிய்ந்த காகிதத்தைவிடச் சரியாகக் கழுவி எண்ணெய் பூசிய பருத்தி எத்தனையோ மேல். ஸ்பொஞ் வகையும் கழுவக்கூடியதே, தூசுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் மலிவான ஸ்பொஞ்சுகள் நம் ஈர வெக்கையில் வருடங்கள் போகப் போகப் பொடிந்து எஞ்சினுக்குள்ளேயே போய்விடுகின்றன. விரலால் நசித்தால் உதிருகிற ஸ்பொஞ்சை ஒரு நாளும் திரும்பப் போடாதீர்கள்.

கழுவுவதில்தான் நம் கரைக்கு ஒரு தனிச் சிக்கல். கடலோர வளவுக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதில் கழுவிக் காயவைத்தால் நீர் போகும், உப்பு பஞ்சுக்குள் தங்கும். இரவானால் அது ஈரத்தைக் கூப்பிட்டு எடுக்கும், எண்ணெய் ஒட்டாது. குழாய் நீரோ மழை நீரோ வேண்டும், மெதுவாக, உள்பக்கமிருந்து வெளியே. பெற்றோலில் கழுவுவது பழக்கமாகிவிட்டது; ரப்பர் ஓரத்துக்கு அது நஞ்சு. காய்வது நிழலில். வாடைக்காற்று மழை நாட்களில் முழுதாகக் காய இரண்டு நாள் போகும். அந்த இரண்டு நாளும் பைக் எதைப் போட்டு ஓடும்? பழைய காகித ஃபில்டரை எறியாமல் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள்.

நான் ஒருமுறை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். நல்ல நீர், நிழல், அளவான எண்ணெய். மாட்டும்போது ரப்பர் ஓரம் ஒரு மூலையில் மடிந்து, தீக்குச்சி போகும் இடைவெளி விழுந்ததைக் கவனிக்கவில்லை. காற்று சோம்பேறி, தடையுள்ள துணியை விட்டுத் தடையில்லாத இடுக்கைத் தேடிப் போகும். இரண்டு வெட்டுக் காலம் கழித்து பைக் நீலப் புகை விட்டது. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட வேண்டி வந்தது. “சயன்ஸ் படிச்ச ஆள் கழுவின ஃபில்டர்” என்று கராஜில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். துணி எதுவானாலும் ரப்பர் ஓரம் மெத்தென்று, சுற்றிலும் ஒரே தடிப்பில், பெட்டியில் பொருந்தி அமரவேண்டும். பெயர்பெற்ற கம்பனிகளின் போலிகள் அதிகம் தோற்பது இங்கேதான். சிவப்பு நிறத்தை யாரும் பூசலாம், ரப்பரை அச்சாக வார்ப்பது கடினம்.

தம்பியின் ஃபில்டரை அன்று கராஜ்காரர் மாட்டிக் கொடுத்தார். “கெம்பஸுக்குப் போய்வர இது போதும். வெட்டுத் தொடங்கினா இஞ்ச வாங்க, பழசப் போட்டுத் தாறன்” என்றார். ஐஎஸ்ஓ 5011 பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை. என் இரண்டு பக்கக் கணக்கும் அதே இடத்தில்தான் வந்து முடிந்தது. என் தீர்ப்பைக் கேட்டால்: தார் வீதியிலேயே ஓடுகிறவர், கழுவப் பொறுமை உள்ளவர், தாராளமாகப் பருத்தி போடலாம், பெட்டிக்குள் பொருந்தும் வகையாக. வயல், செங்கல் வாடி, கிறவல் வீதி என்று உழைக்கிற பைக்குக்கு, கம்பனி சொன்ன காகிதம், அதுவும் கம்பனி சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றி.

எதைப் போட்டாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள், செலவில்லை. ஃபில்டருக்கும் காபரேற்றருக்கும் இடையே உள்ள குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துச் சுத்தமாக்கி, விரலால் மெல்லிதாகக் கிறீஸ் தடவி மூடிவிடுங்கள். 500 கிலோமீற்றர் ஓடிய பின் திறந்து, அந்தக் கிறீஸை இரு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். வழவழவென்றிருந்தால் உங்கள் ஃபில்டர் வேலை செய்கிறது. நறநறவென்றால், அந்த மணல் ஏற்கெனவே சிலிண்டர் வரை போய்விட்டது.